சீட்டை எடுக்காத கை

லாண்டரிக்கு எதிரே இருந்த நான்கு மாடிக் கட்டிடத்தின் நெற்றியில் தம்பியின் முகத்தை ஒட்டிய நாளிலிருந்து அண்ணன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பதடி உயர முகம். மூக்குத் துவாரம் ஒன்றே அவர் வீட்டுச் சமையலறையைவிடப் பெரிது, காற்றோட்டமும் அதில்தான் அதிகம். முகத்துக்குக் கீழே, ஆளுயர எழுத்தில், ஒரே ஒரு சொல்: குண்டூசி.

அந்தப் பெயரை வைத்தவரே அண்ணன்காரர்தான். தம்பிக்கு மூன்று வயதாகும்போது உடம்பு நூலாகவும் தலை மட்டும் உருண்டையாகவும் இருந்தது. ஏழு வயது அண்ணன்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, "குண்டூசி மாதிரி இருக்கான்" என்றார். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் கண்டுபிடித்தவர் அவர்தானே? ரேடியோவில் ஒரு பெண் கேட்டாள், "இந்தப் பேரு உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று. தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டே, "தானா வந்துச்சு" என்றான்.

"தானா வருமா?" என்று அண்ணன்காரர் ரேடியோவைப் பார்த்துக் கத்தினார். "பேரு என்ன சளியா, தானா வர?"

இருபது வருடமாக அவர் லாண்டரியின் கவுன்டரில் நிற்கிறார். கவுன்டர் தெருவைப் பார்த்தது. தெரு அந்த முகத்தைப் பார்த்தது. "முதலாளி, கவுன்டரை இந்தப் பக்கம் திருப்பிப் போடலாமா, கண்ணு கூசுது" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வெயில் பின்பக்கம்யா அடிக்குது. உனக்கு முன்பக்கம் என்ன கூசுது?"

வயிற்றில் எரிவது கண்ணில் கூசியது என்று சொல்வதா?

எரிச்சல் இன்று நேற்று மூண்டதல்ல. அண்ணன்காரர் பிறந்ததிலிருந்தே அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள்; அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அதை வைத்தே குடும்பத்தை இழுத்தாள். மெஷினுக்கு அடியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. உலகத்திலேயே சொகுசான இடம் அது. மேலே அம்மாவின் மடி, பக்கத்தில் அம்மாவின் கால், தலைமேல் துண்டுத் துணிகளின் மழை. நான்கு வருடம் அண்ணன்காரர் அங்கே ராஜாவாக வீற்றிருந்தார். தம்பி பிறந்து தவழ ஆரம்பித்ததும், "நீ பெரியவன்டா, எழுந்திரு" என்று சொல்லிவிட்டார்கள். அன்று எழுந்தவர் இன்றுவரை எங்கேயும் முழுசாக உட்காரவில்லை.

தம்பி சும்மா உட்காரவில்லை. மெஷின் ஓடும் தாளத்துக்குத் தலையாட்டி, அந்தத் தாளத்திலேயே பேச்சையும் பழகிக்கொண்டான். மெஷின் வேகமெடுத்தால் பேச்சும் வேகமெடுக்கும். நூல் அறுந்தால் பாதி வார்த்தையில் நிற்பான். அம்மா ஊசியில் நூல் கோத்து மறுபடி மிதித்தால்தான் மீதி வார்த்தை வரும். துணி கொடுக்க வந்தவர்களின் மூக்கு, நடை, கஞ்சத்தனம் எல்லாம் மெஷினுக்கு அடியிலிருந்து எதுகை மோனையோடு கிளம்பும். ஒருநாள் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது:

"கூரை ஒழுகுது குடம் குடமா, கேட்டா சிரிக்கிறான் கடன்காரன் மாமா!"

வீட்டுக்காரர் அம்மாவிடம், "உங்க மெஷின் பேசுது" என்றார். மறுநாள் ஆள் அனுப்பிக் கூரையைச் சரிசெய்தார். அதே கூரைக்காகப் பள்ளியில் கற்ற மரியாதை அத்தனையும் கொட்டி ஆறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அண்ணன்காரர். ஒரு ஓடுகூட அசையவில்லை.

படிப்பில் அண்ணன்காரர் நல்ல பிள்ளை. பேச்சுப் போட்டியில் தொடர்ந்து ஆறு வருடம் ஆறுதல் பரிசு வாங்கியவர், அந்தப் பள்ளியில் அவருக்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் ஆறுதல் அடைந்ததில்லை. தம்பியோ எட்டாம் வகுப்பில் தலைமையாசிரியரின் தொப்பையைப் பற்றிப் பன்னிரண்டு வரி கட்டினான். முழுப் பள்ளிக்கூடமும் அதைப் பாடிக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தது. மன்னிப்புக் கடிதத்தை எழுதிச் சுமந்துகொண்டு போனவர் அண்ணன்காரர். தலைமையாசிரியர் கடிதத்தைப் பிரித்தார். படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஏழாவது வரி என்னப்பா, எனக்குச் சரியா காதில விழல" என்று கேட்டார்.

ஆக, தம்பி யாரைத் திட்டினாலும் திட்டு வாங்கியவர்கள் அவனையே திரும்பிப் பார்த்தார்கள். யாரையும் திட்டாத அண்ணன்காரரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படிப்பு ஏறாத தம்பியை லாண்டரியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். சலவைப் பிரிவில் வேலை. ஒரு துணி வந்தால் அதில் கறை எங்கே இருக்கிறது, என்ன கறை என்று சலவைக்காரன் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, துணியின் ஓரத்தில் ஊசி குத்தி அனுப்ப வேண்டும். "இடது கை முழங்கை, மை." "காலர், எண்ணெய்." கறை எடுப்பவர் அதைப் படித்து வேலை செய்வார். இஸ்திரி முடிந்து துணி கவுன்டருக்கு வந்ததும், உறை போடுவதற்கு முன்னால் அந்தக் கறைச் சீட்டை எடுத்துவிட வேண்டியது அண்ணன்காரர் பொறுப்பு. பத்தொன்பது வருடத்தில் ஒரு சீட்டு தப்பியதில்லை, ஒரு பொத்தான் தொலைந்ததில்லை.

தம்பி கறையை மட்டும் எழுதினால் தம்பியா? "காலரில் எண்ணெய். தலைக்கு வைத்தது அல்ல, மேலதிகாரிக்குத் தடவியதில் தெறித்தது." "வலது பாக்கெட்டில் சாக்லேட். டாக்டர் சட்டை. எங்களுக்குத்தான் சர்க்கரை கூடாதாம்." தேநீர் வேளையில் முதலாளி அந்தச் சீட்டுகளை வாங்கிச் சத்தமாகப் படிப்பார். இஸ்திரிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் கொதிகலனே இரண்டு முறை நின்று போனது. அண்ணன்காரர் மட்டும் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு குடிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"யோவ், அடுத்த மாசத்திலேருந்து உன் தம்பி கவுன்டருக்கு வரட்டும். ஜனங்க சிரிச்சுக்கிட்டே வருவாங்க. நீ உள்ள போய் மூட்டை பிரி."

"முதலாளி... நான் பத்தொன்பது வருஷமா..."

"அதான்யா சொல்றேன். பத்தொன்பது வருஷமா ஒரே மூஞ்சி."

அன்று மாலை அவர் கைக்கு மேயரின் கோட்டு வந்தது. பால்நிறக் கோட்டு, மறுநாள் புதுப் பாலம் திறந்து வைப்பதற்காக. பின்பக்கக் கீழோரத்தில் மஞ்சள் சீட்டு. அண்ணன்காரர் படித்தார்.

"கறை: கோட்டில் இல்லை, அதைப் போடுற ஆளுல இருக்கு. நம்ம சோப்பு பத்தாது."

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததுதான் அவரைக் கொன்றது. மொத்தமே பத்து வார்த்தை. ஆறு வருட ஆறுதல் பரிசை அடுக்கி வைத்தாலும் அந்தச் சீட்டின் முழங்காலுக்கு எட்டாது. அவர் இடதும் வலதும் பார்த்தார். சீட்டைக் கழற்றினார், ஆனால் குப்பைக்கூடையில் போடவில்லை. கோட்டின் உட்புறத்தில், நெஞ்சுப் பைக்கு நேர் மேலே, எடுத்தால் பளிச்சென்று தெரியும்படி குத்தினார். மேலே உறையை மாட்டினார். மேயர் ஆள் வந்தான், அண்ணன்காரர் இரண்டு கையாலும் பயபக்தியோடு கொடுத்தார்.

கணக்கு எளிது. மேயர் பார்ப்பார், கொதிப்பார், முதலாளிக்குப் போன் வரும், தம்பியின் சீட்டு கிழியும், கவுன்டர் தப்பும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மறுநாள் பாலத்தின் மேல் வெயில் எலும்பை உருக்கியது. மேயர், "மக்களே, உங்களுக்காக நான் வேர்வை சிந்தவும் தயார்!" என்று முழங்கி, கோட்டைக் கழற்றி, உட்புறம் வெளியே தெரியத் தோளில் போட்டுக்கொண்டார். மஞ்சள் சீட்டு காற்றில் படபடவென்று கொடிபோல ஆடியது. பத்திரிகைக்காரர் ஒருவர் லென்ஸைத் திருகினார்.

காலை பதினோரு மணிக்குத் தம்பிக்கு வேலை போனது. பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை அண்ணன்காரர் வாழ்க்கையிலேயே இன்பமான நான்கு மணி நேரம். மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார். தம்பியின் தோளில் கைபோட்டு, "கவலைப்படாதடா, அண்ணன் இருக்கேன்" என்றுகூடச் சொன்னார். மூன்று மணிக்கு மாலைப் பத்திரிகை வந்தது. முதல் பக்கம் முழுக்கச் சீட்டு. நான்கு மணிக்குள் அது எல்லார் போனிலும் இருந்தது. ஐந்து மணிக்கு ரேடியோ நிலையத்திலிருந்து தம்பியைத் தேடி வண்டி வந்தது. ஆறு மணிக்குத் தம்பி ரேடியோ மேசையில் விரலால் தையல் மெஷின் தாளம் போட்டு, மேயர் கோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாகத் திட்டிப் பாடினான். ஏழு மணிக்கு ஊரே அவன் கையில்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாரும் அறிவார்கள். மேயர் வழக்குப் போட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்னது நீதிமன்றம். தம்பி மன்னிப்புப் பாட்டு ஒன்று வெளியிட்டான். அதில் அவன் மன்னிப்புக் கேட்டது மேயரிடம் இல்லை, கோட்டிடம். "உன்னை யாரு மேல போட்டுட்டோம்னு தெரியாம போச்சு" என்று அழுதே விட்டான். மூன்று ரேடியோ நிலையங்கள் அவன் குரலைத் தடை செய்தன. தடை செய்த மூன்றும் தூக்கத்தில் ஆழ்ந்தன, பாடிய நான்காவதுக்கு ஊரே காது கொடுத்தது. பெற்றோர் சங்கம் ஊர்வலம் போனது. ஊர்வலத்தில் கோஷம் போடத் தாளம் வேண்டியிருந்ததால் அவன் பாட்டின் மெட்டிலேயே போட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு பேராசிரியர் எழுதினார், அவர் பிள்ளைதான் தம்பியின் ரசிகர் மன்றத் தலைவன்.

தம்பியின் வழக்கம் ஒன்றுதான்: தெரிந்தவர்களைத் திட்டுவான். தெரியாதவர்களைத் தொடவே மாட்டான். பல் டாக்டரைத் திட்டினான், டாக்டர் வாசலில் வரிசை நின்றது, வலிக்காத பல்லைக்கூடப் பிடுங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரைத் திட்டினான். அவர் சட்டைப்பையில் 'கடன்காரன் மாமா' என்று அச்சடித்த அட்டை வைத்துக்கொண்டு நடந்தார். அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றி முழுப் பாட்டு வந்தது. அம்மா தெருத் தெருவாகப் போய், "என்னைத்தான் சொல்றான், கழுதைன்னு சொல்றான் பாரு, அது நான்தான்!" என்று மார் தட்டினாள். அண்ணன்காரரின் மனைவிக்கும் ஒன்றரை வரி கிடைத்தது:

"அண்ணி போட்ட உப்பு, கடலுக்கே தப்பு!"

அன்றிலிருந்து அவள் உப்பைக் கூட்டிப் போட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, வாயில வைக்க முடியலையே."

"ஊரே பாடுது, உங்களுக்கு மட்டும் வைக்க முடியலையா?"

வீட்டுப் பூனைக்கு நாலு வரி. நாலு முழு வரி! மீசையைப் பற்றி இரண்டு, திருட்டுப் பாலைப் பற்றி இரண்டு. பூனை அதற்குப் பிறகு நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

அண்ணன்காரருக்கு ஒரு வரி இல்லை. அரை வரி இல்லை. ஒவ்வொரு புதுப் பாட்டும் வெளியானவுடன் கழிவறைக்குள் போய்த் தாழிட்டு, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு, தன்னைத் தேடினார். கஞ்சன் வந்தான், கோழை வந்தான், குறட்டை விடுபவன் வந்தான். குறட்டையில் ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. கேட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டு நாய். தொலைக்காட்சிப் பேட்டியில் ஒருவர் நேராகவே கேட்டார்: "உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்காராமே?"

அண்ணன்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஆமா," என்றான் தம்பி. "நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்! ஊரில் கழுதைக்கும் நாய்க்கும் கிடைத்த மரியாதை, கூடப்பிறந்தவனுக்கு இல்லை. அன்று அவர் தலையணையைக் கடித்த கடியில் இலவம்பஞ்சு வீடு முழுக்கப் பறந்தது.

அப்புறம்தான் வந்தது அந்தப் பாட்டு. தம்பியின் எல்லாப் பாட்டையும் ஒரு தட்டிலும் இதை ஒரு தட்டிலும் வைத்தால் இதுதான் இறங்கும்.

"எழுதினது என் கை, எடுக்காதது யாரு கை?
மறந்த கையா? மறைச்ச கையா?
வாழ வச்ச கையா, வாரி விட்ட கையா?
யாரு கை? யாரு கை?"

பேருந்தில் கம்பியைப் பிடித்தவர்கள் பக்கத்திலிருந்தவர் கையைப் பார்த்து, "யாரு கை?" என்றார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். எலும்பு முறிந்து கட்டுப்போட்டவன் மருத்துவமனையில் பாடினான். சீட்டை எடுக்காமல் விட்ட அந்தக் கையைக் கண்டுபிடித்து மேடையில் ஏற்றிக் கௌரவிப்பேன் என்று தம்பி அறிவித்துவிட்டான்.

ஒரு சீட்டும் தவறவிடாத அண்ணன்காரரை ஒருவரும் சந்தேகிக்கவில்லை; உரிமை கோர வேறு ஆட்கள் கிளம்பினார்கள். இஸ்திரிக்காரர் "நான்தான் மறந்தேன்" என்றார். மேயர் வீட்டு ஓட்டுநர், "பார்த்தேன், பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்" என்றார். அந்த வருடம் ஊரிலேயே இல்லாத ஒருவர்கூடக் கையைத் தூக்கினார். கடைசியில் முதலாளி முந்திக்கொண்டார். "கவுன்டருக்கு மேல கண்ணாடி அறை யாருது? என்னோடது. எல்லாம் என் பார்வையிலதான் போகும். அந்தப் பையனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்னு நான்தான் கண்டுக்காம விட்டேன்" என்றார். கேட்டவர்களுக்கு அதுதான் நியாயமாகத் தோன்றியது. முதலாளி என்றால் எதுவும் நியாயமாகத் தோன்றும்.

அண்ணன்காரர் இரண்டு வாரம் வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அது மேலே எழப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் மேடை அவருடையது. உண்மையைச் சொன்னால் கூடப்பிறந்தவனைக் கவிழ்க்கப் பார்த்தவர் என்றும் ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் முதலாளிக்கு மாலை. எந்தப் பக்கம் புரண்டாலும் முள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மனைவியிடம் கொட்டிவிட்டார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நீங்களா?"

"நான்தான். வேணும்னே. அவனை வேலையை விட்டுத் தூக்கணும்னு."

"போங்க."

"சத்தியமா."

"ஏங்க, போன வாரம் பஸ்ல கண்டக்டர் மீதி தரலன்னு கேக்கப் போய், அவருக்கே நன்றி சொல்லிட்டு இறங்கினீங்க. நீங்க துரோகம் பண்ணினீங்களா?" கீரையை ஓரமாக வைத்தாள். "பொறாமையில எதையாவது உளறாதீங்க. நீங்க நல்ல மனுஷன்."

தம்பி சொன்ன அதே இரண்டு வார்த்தை.

விழா விளையாட்டு மைதானத்தில், பட்டப்பகலில். எள் போட்டால் எள் விழாது, விழுந்தாலும் யாராவது அதைப் படம் எடுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு முதல் வரிசை. அம்மா 'கழுதை' என்று எழுதிய பனியனைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். தலைமை விருந்தினர் யார் என்றால், அதே மேயர்! கோட்டுப் பாட்டுக்குப் பிறகு அவர் பெயர் தெரியாத வாக்காளர் இல்லை, அதிக வாக்கில் ஜெயித்துவிட்டார். தங்க முலாம் பூசிய, ஆளுயரப் பிளாஸ்டர் கை ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்.

முதலாளி மேடையேறி மைக்கைப் பிடித்தார். "அன்னிக்கே எனக்குத் தெரியும்..." என்று ஆரம்பித்தார். கூட்டம் "யாரு கை?" என்றது. முதலாளி தன் கையைத் தூக்கி, "என் கை!" என்றார். மைதானம் இடிந்தது.

அண்ணன்காரர் எழுந்தது அவருக்கே தெரியாது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள், சட்டை கிழிந்தது. காவலாள் ஒருவர் தடுத்தார். "நான் அண்ணன்" என்றார். "எந்த அண்ணன்?" என்றார் காவலாள். அந்தக் கேள்வி கொடுத்த வேகத்தில் நாலு படியை ஒரே தாவலில் தாண்டினார்.

"அது பொய்!" மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்டது. "அது என் கை!"

தம்பி திரும்பினான். முகம் மலர்ந்தது. "அண்ணா! வாண்ணா, உக்காரு. யாராவது அண்ணனுக்குத் தண்ணி குடுங்க. வெயில்."

"தண்ணி வேணாம். நான்தான்டா சீட்டை எடுக்கல."

"சரிண்ணா, எங்க அண்ணனுக்கு எப்பவும் பெரிய மனசு," என்று தம்பி, முதலாளி பிடித்திருந்த மைக்கில், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "மறந்திருக்கும், பாவம்."

கூட்டம் அன்பாகச் சிரித்தது. ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் பாவம் பார்த்தார்கள். அதுவரை உலகத்தில் யார் மீதும் அவ்வளவு பாவம் ஒரே இடத்தில் விழுந்ததில்லை.

அண்ணன்காரர் முதலாளி கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"மறக்கலடா. பின்னாடி ஓரத்துல நீ குத்தினதை எடுத்து, நெஞ்சுப் பைக்கு மேல நான் குத்தினேன். நீ வேலையை விட்டுப் போகணும்னுதான்."

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. சீட்டை முதலில் பின்னோரத்தில் குத்தியது அவனையும் அவரையும் தவிர வேறு யாருக்கும் நினைவிருக்காது. மைதானம் அடங்கியது. முதலாளி மெதுவாகப் பிளாஸ்டர் கைக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஏன்ணா?" என்றான் தம்பி. மைக் இல்லாததால் அது அண்ணன்காரருக்கு மட்டும் கேட்டது.

"ஏனா?" இவர் கையில் மைக் இருந்தது. "மெஷினுக்கு அடியில யாரு இடம்? என் இடம்! நீ வந்த, என்னைத் தூக்கின, உக்காந்த! கூரைக்கு ஆறு மனு யாரு கை? என் கை! ஓடு மாத்தினது யாரு வாய்? உன் வாய்!"

யாரோ ஒருவன் கைதட்டினான். டக். இன்னொருவன் தட்டினான். டக், டக். மேடையிலிருந்த தம்பியின் தாளக்காரர் தன்னையறியாமல் குச்சியை எடுத்தார்.

"பேரு வச்சது நான், பேரு வாங்கினது நீ! மன்னிப்பு எழுதினது நான், மார்தட்டினது நீ! பல்லு டாக்டருக்குப் பாட்டு, பக்கத்து வீட்டு நாய்க்குப் பாட்டு, பால் திருடின பூனைக்கு நாலு வரிப் பாட்டு! கூடப் பொறந்தவன் என்னடா, சோப்புத் தண்ணியா, கொட்டிட்டுப் போக?"

மைதானம் எழுந்து நின்றது. டக், டக், டக், டக். அம்மா நாற்காலி மேல் ஏறிவிட்டாள். அண்ணன்காரருக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. முப்பது வருடமாக உள்ளே மடித்து வைத்ததெல்லாம் இஸ்திரி போட்டதுபோல வரிவரியாக வந்து விழுந்தது. ஆறு ஆறுதல் பரிசும் வந்தது. "பத்தொன்பது வருஷமா ஒரே மூஞ்சி" வந்தது. கவுன்டருக்கு எதிரே ஒட்டிய மூக்குத் துவாரம் வந்தபோது மேயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்ல மனுஷனாம், நல்ல மனுஷன்! எவன்டா கேட்டான் நல்ல மனுஷன்?" என்று அவர் கேட்டதும், ஐம்பதாயிரம் பேர் "எவன்டா கேட்டான்?" என்று திருப்பிக் கத்தினார்கள். மறுபடி கேட்டார். மறுபடி கத்தினார்கள்.

மூச்சு வாங்க ஒரு கணம் நின்றபோதுதான் தம்பியைப் பார்த்தார். கோபப்பட்டிருப்பான், அழுதிருப்பான், இல்லை அடிக்க வருவான் என்று நினைத்தார். தம்பி வெறுங்கையோடு நின்றான். அவன் கண் அண்ணனைப் பார்க்கவில்லை, எழுந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தது. பிறகு மைக்கைப் பார்த்தது. மறுபடி கூட்டத்தை. உதட்டின் ஒரு ஓரம் லேசாகக் கீழே இழுத்துக்கொண்டது, மூக்கு விடைத்தது.

அந்த முகம் அண்ணன்காரருக்குக் கரதலப் பாடம். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் எதிரே நின்ற முகம் அது. அதில் என்ன எரிகிறது, எந்த இடத்தில் எரிகிறது, எத்தனை நாள் எரியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஒரு குளிர்ச்சி பரவியது. நாலு வயதுக்குப் பிறகு இப்போதுதான் முழுசாக உட்கார்ந்ததுபோல இருந்தது.

தம்பி சிரிக்க முயன்றபடி நெருங்கினான். கையை நீட்டி மைக்கின் அடிப்பாகத்தைப் பிடித்தான்.

"சூப்பர்ணா. போதும்ணா. குடு."

அண்ணன்காரர் பிடியை விடவில்லை. இவர் ஒரு பக்கம் இழுத்தார், அவன் ஒரு பக்கம் இழுத்தான். மைக் கீச்சென்று அலறியது.

"அண்ணா, குடுண்ணா. என் கச்சேரிண்ணா."

"இருடா," என்றார் அண்ணன்காரர், தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே. "நான் இன்னும் முடிக்கல."